'சர்நேம்' கட்டத்தில் என்ன எழுதுவது? பெஸ்கியும் குமாரமங்கலமும் சொல்லும் கதை

பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, விமான டிக்கெட் என்று எந்த ஆன்லைன் படிவத்தைத் திறந்தாலும் ஓர் இடத்தில் நம்ம கை நின்றுவிடும். 'சர்நேம்' என்று கேட்கும் கட்டம்தான் அது. மேட்டூரில் பிறந்து பெங்களூருவில் வேலை பார்க்கிற ஒருவருக்கு வீட்டில் வைத்தது ஒரே ஒரு பெயர். முன்னால் ஓர் இனிஷியல். அவ்வளவுதான். கட்டத்தில் அப்பா பெயரை எழுதுவதா, ஊர்ப் பெயரை எழுதுவதா, தாத்தா காலத்துப் பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பெயரை எழுதுவதா? யோசிக்க நேரமில்லை. எதையோ தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அங்கே எழுதும் சொல் நம்மோடு நிற்பதில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் அதுவே ஒட்டிக்கொள்ளும். குடும்பப் பெயர் என்ற ஒன்று உலகத்தில் இப்படித்தான் உருவானது. இத்தாலியில் அது சில நூற்றாண்டுகளாக மெதுவாக நடந்தது. நமக்கு ஒரு மொபைல் திரையில், அரை நிமிடத்தில் நடக்கிறது.

குடும்பப் பெயர் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கட்டத்தை நிதானமாக நிரப்பலாம். அதற்கு இரண்டு அபூர்வமான பெயர்களைப் பார்ப்போம். ஒன்று, சேலம் – நாமக்கல் மண்ணில் பிறந்தது. இன்னொன்று, இத்தாலியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

மேட்டூரைச் சுற்றி மூன்று சர்நேம்கள்

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை என்கிறோம். ஆனால் மேட்டூர்க்காரர்கள் தினமும் குடும்பப் பெயர்களுக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள்.

1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கு அதிகாரப்பூர்வப் பெயர் 'ஸ்டான்லி நீர்த்தேக்கம்'. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லியின் குடும்பப் பெயர் அது. உபரி நீர் வெளியேறும் 16 கண் பாலத்துக்கு இன்னொரு பெயர் 'எல்லிஸ் சர்பிளஸ்'. அது பொறியாளர் எல்லிஸின் குடும்பப் பெயர். 'ஸ்டான்லி' என்பதே முதலில் ஓர் ஊர்ப் பெயர்தான். பழைய ஆங்கிலத்தில் கல் நிறைந்த வெட்டவெளி என்று பொருள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கல்லுக்காட்டின் பெயர் ஒரு குடும்பத்தோடு ஒட்டி, அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஆளுநராகி, கடைசியில் காவிரித் தண்ணீருக்குப் பெயராகி நிற்கிறது.

மூன்றாவது பெயர் நம்முடையது. சேலம் ஜி.ஹெச்.சுக்குப் போகாத மேட்டூர்க் குடும்பம் இருக்காது. அதன் முகப்பில் இருக்கும் பெயர், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மோகன் என்பது அந்த மனிதரின் பெயர். குமாரமங்கலம் என்பது?

ஓர் ஊர் சர்நேம் ஆன கதை

குமாரமங்கலம், நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோடு பக்கத்தில் இருக்கும் ஊர். அந்த ஜமீன் குடும்பத்தில் 1889-ல் பிறந்தவர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். மேட்டூர் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் பெயர் நம்ம முறைப்படியான பெயர். 'ப' என்பது அப்பா பரமசிவத்தைக் குறிக்கும். அவ்வளவுதான்.

அவருடைய பிள்ளைகளைப் பாருங்கள். ஒருவர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி. இன்னொருவர் மோகன் குமாரமங்கலம், இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தவர்; 1973-ல் விமான விபத்தில் இறந்துபோனார். மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலம் எம்.பி.யாக இருந்தவர், பிறகு வாஜ்பாய் அமைச்சரவையில் மின்துறை அமைச்சர். மகள் லலிதா குமாரமங்கலம் தேசிய மகளிர் ஆணையத் தலைவராக இருந்தவர்.

அப்பா சுப்பராயன், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குமாரமங்கலம். ஒரே தலைமுறை இடைவெளியில் ஓர் ஊர்ப் பெயர் சர்நேம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் இங்கிலாந்தில் படித்தவர்கள். குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாத உலகத்துக்குப் போனவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. மூத்தவரின் முழுப்பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். பாட்டனார் பரமசிவத்தின் பெயரை அவர் சுமக்கிறார். தமிழில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. அதாவது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். நம்ம குடும்பங்கள் பெயரைக் கடத்தாமல் இல்லை. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை கடத்துகின்றன. குமாரமங்கலம் வீட்டில் பழைய வழியும் புதிய வழியும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன.

இன்னொரு உண்மையும் அதே வீட்டில் இருக்கிறது. சுப்பராயனின் மகளும் பொதுவாழ்வில் பெரிய பெயர், கோவை எம்.பி.யாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர். ஆனால் அவரை நாம் பார்வதி கிருஷ்ணன் என்றுதான் அறிவோம். கிருஷ்ணன் என்பது கணவர் பெயர். சர்நேம் என்பது பெரும்பாலும் ஆண்கள் வழியாக மட்டும் ஓடும் வாய்க்கால்.

இத்தாலி: பெயர்கள் உறைந்த நாடு

இத்தாலியில் குடும்பப் பெயர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் ஆதியிலிருந்து வந்தவை அல்ல. அங்கேயும் ஒரு காலத்தில் ஒரு பெயர்தான். லியோனார்தோ தா வின்சி என்பதில் 'வின்சி' குடும்பப் பெயர் கிடையாது; ஊர். வின்சி ஊர் லியோனார்தோ, அவ்வளவே. 'நாமக்கல் கவிஞர்', 'சேலம் விஜயராகவாச்சாரியார்' என்று நாம் சொல்வது மாதிரிதான்.

ஊர்கள் பெருத்து, வரியும் சொத்துப் பத்திரமும் வந்தபோது ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பது சிக்கலானது. அடையாளத்துக்குக் கூடுதலாக ஒரு சொல் சேர்த்தார்கள். அந்தச் சொல் நான்கு வழியில் வந்தது.

அப்பா பெயர்: தி ஜோவன்னி என்றால் ஜோவன்னியின் மகன்.
ஊர்ப் பெயர்: ரொமானோ என்றால் ரோம்காரர்.
தொழில்: ஃபெராரி என்றால் கொல்லர். ஆமாம், அந்த கார் கம்பெனிப் பெயர்தான்.
பட்டப்பெயர்: ரோஸி என்றால் சிவப்பு. செம்பட்டை முடிக்காரர்களுக்கு வைத்தது. இன்றைக்கு இத்தாலியின் மிகப் பரவலான குடும்பப் பெயர் இதுதான்.

இந்த நான்கும் நம்ம ஊரிலும் உண்டு. இன்னார் மகன், இன்ன ஊர்க்காரர், கொல்லர், கட்டையன் என்று தெருவில் எல்லோருக்கும் ஓர் அடையாளம் இருக்கும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. நம்மிடம் அது அந்த ஆளோடு முடிந்துபோகும். இத்தாலியில் அது எழுத்தில் ஏறியது. 1563-ல் முடிந்த ட்ரென்ட் திருச்சபைச் சங்கம், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குத்தந்தைகள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கட்டளையிட்டது. ஏடு வந்த பிறகு பெயர் நகர முடியாது. ஜோவன்னியின் மகன் தி ஜோவன்னி. அவன் மகனும் தி ஜோவன்னி. முந்நூறு வருஷம் கழித்து, ஜோவன்னி யாரென்றே தெரியாத ஒருவனும் தி ஜோவன்னி. பெயர் உறைந்துவிட்டது.

அப்படி உறைந்ததில் பெருமை மட்டும் இல்லை. நேப்பிள்ஸ் பக்கம் பரவலாக இருக்கும் 'எஸ்போசித்தோ' என்ற பெயருக்கு 'வெளியே விடப்பட்டது' என்று பொருள். அனாதை இல்ல வாசலில் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு வைத்த பெயர். மிலான் பக்கம் அதே குழந்தைகளுக்கு 'கொலொம்போ'. அந்த மருத்துவமனையின் சின்னத்தில் இருந்த புறாவின் பெயர். பெற்றவர் விட்டுப்போனார் என்ற ஒரு சேதி, பேரன் கொள்ளுப்பேரன் வரை நெற்றியில் எழுதப்பட்டது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படிப் பெயர் வைப்பதையே நேப்பிள்ஸில் தடை செய்ய வேண்டியிருந்தது.

சர்நேம் என்பது ஒரு தகவல். பிறப்பைப் பற்றிய தகவல். அது கௌரவமாகவும் இருக்கலாம், காயமாகவும் இருக்கலாம். சாதி தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெஸ்கி: அங்கே அபூர்வம், இங்கே நம்ம வீட்டுப் பிள்ளை

இப்போது இரண்டாவது பெயருக்கு வருவோம். கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, 1680-ல் வட இத்தாலியில் மாந்துவா பக்கத்தில் உள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே என்ற ஊரில் பிறந்தார். 'பெஸ்கி' அங்கே ரோஸி மாதிரி நாடு முழுக்கப் பரவிய பெயர் அல்ல. லொம்பார்தி பகுதியில், பிரேசியா – மாந்துவா வட்டாரத்தை ஒட்டி வாழும் பெயர். இத்தாலியில் அபூர்வமான குடும்பப் பெயர்களின் குணம் இதுதான். பெயரைச் சொன்னால் வட்டாரத்தைச் சொல்லிவிடலாம்.

அந்த பெஸ்கிதான் நம்ம வீரமாமுனிவர். 1711-ல் தமிழகம் வந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்து, 1747-ல் இறந்தவர். அவருக்கும் முன்னால் இன்னொரு இத்தாலியர் நம்ம பக்கமே வந்திருக்கிறார். ரொபெர்த்தோ தெ நோபிலி, 1623-ல் மதுரையிலிருந்து துறவிக் கோலத்தில் வடக்கே நடந்து, சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 'தெ நோபிலி' என்ற குடும்பப் பெயருக்குப் பொருள் 'பிரபுக்கள் வழி வந்தவர்'. இங்கே அவர் தத்துவ போதகர் ஆனார்.

பெஸ்கி தன் பெயரை என்ன செய்தார் என்பதுதான் சுவாரசியம். கொன்ஸ்தான்சோ என்பது உறுதியைக் குறிக்கும் பெயர். அதை ஒட்டித் தன்னைத் 'தைரியநாதர்' என்று வைத்துக்கொண்டார். பிறகு வீரமாமுனிவர். சொந்தப் பெயருக்குத் தமிழ் கிடைத்தது. பெஸ்கி என்ற குடும்பப் பெயரை அவர் மொழிபெயர்க்கவே இல்லை. துறவிக்குக் குடும்பப் பெயர் எதற்கு? தமிழ் முறையில் அதற்கு இடமும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் பிள்ளைகளுக்கு 'பெஸ்கி' என்று பெயர் வைக்கிறார்கள். சர்நேமாக அல்ல, கூப்பிடும் பெயராக. இத்தாலியில் ஒரு வட்டாரத்தில், ஒரு ரத்தவழியில் மட்டும் ஓடும் சொல், இங்கே யார் வீட்டுத் தொட்டிலிலும் கிடக்கிறது. அவர் மட்டுமல்ல. 'போஸ்கோ' இத்தாலியில் காடு என்று பொருள்படும் ஒரு குடும்பப் பெயர். 'சாவியோ' என்பதும், 'கொரெட்டி' என்பதும் குடும்பப் பெயர்கள். நம்மிடம் போஸ்கோவும் சாவியோவும் பையன்கள். கொரெட்டி, பெண் பிள்ளை. சேவியர், பிரிட்டோ கதையும் இதேதான். அவை முறையே ஸ்பானிய, போர்த்துகீசியக் குடும்பப் பெயர்கள்.

இது கிறிஸ்தவர்களோடு நிற்கவில்லை. காந்தி, நேரு, போஸ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த ஊர் இது. லெனின், ஸ்டாலின் என்று வைத்த ஊர் இது. அந்தப் பெயர்கள் எல்லாம் அவர்கள் ஊரில் பெயரின் கடைசியில் நிற்பவை. நாம் அதை எடுத்து முன்னால் வைத்தோம். இன்னார் வம்சம் என்று காட்டிய சொல்லை, இன்னாரை எங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லும் சொல்லாக மாற்றினோம். குடும்பப் பெயர்மீது தமிழர்கள் செய்த மிக அழகான காரியம் இது என்பேன். அங்கே பிறப்பால் மட்டுமே கிடைக்கும் ஒன்று, இங்கே பிரியத்தால் கிடைக்கிறது.

இனிஷியல் குறை அல்ல

நம்ம முறைக்குத் திரும்புவோம். இனிஷியல் + பெயர். ஈ.வெ. ராமசாமி என்றால் ஊர் ஈரோடு, அப்பா வெங்கட்ட நாயக்கர், ஆள் ராமசாமி. இரண்டே எழுத்துகளில் முகவரியும் வழியும் வந்துவிடும். ஆனால் முதன்மையாக நிற்பது ஆளின் சொந்தப் பெயர்தான்.

இந்தப் பெயர்கள் எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பின்னால் ஒரு சாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. ராமசாமி நாயக்கர், ராமசாமி ஆனார். அதன் பிறகு தமிழ்நாட்டில் மெல்ல மெல்ல வால் உதிர்ந்தது. வட இந்தியாவில் ஒரு பெயரைக் கேட்டதும் சாதியைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். நம்மிடம் பெயரை வைத்து அவ்வளவு எளிதில் முடியாது. சாதி போய்விட்டதா என்றால், இல்லை. கொங்குப் பக்கம் ஆந்தைக் கூட்டம், காடைக் கூட்டம் என்று கூட்டப் பெயர்கள் இன்றும் கல்யாணப் பேச்சில் கணக்கில் வரும். இத்தாலியக் குடும்பப் பெயருக்கு நம்மிடம் மிக நெருக்கமாக உள்ளது அதுதான். ஆனால் அது விசிட்டிங் கார்டில் ஏறவில்லை. வேலைக்கான நேர்காணலில், வாடகை வீடு தேடும்போது, பெயரே காட்டிக்கொடுக்காமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. அதைச் சம்பாதிக்க ஒரு நூற்றாண்டு ஆனது.

இந்த முறைக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். இனிஷியல் மறந்துவிடும். மேட்டூர் அணை நிரம்பியபோது நாயம்பாடி போன்ற ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அந்த ஊர்ப் பெயர் இத்தாலி முறையில் ஒரு குடும்பத்தோடு ஒட்டியிருந்தால், ஊர் போனாலும் பெயர் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கும். நம்ம முறையில் தாத்தாவின் ஊர் எழுத்து, பேரனிடம் வரும்போது காணாமல் போயிருக்கும். குமாரமங்கலம் என்ற ஊரை டெல்லியில் இருப்பவர்களும் அறிவது, அது சர்நேம் ஆனதால்தான்.

கட்டம் எங்கே இடிக்கிறது?

பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியலும் கூடாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி. ஒரே ஆள் நாலு பெயரில் அலைய வேண்டியிருக்கிறது.

சரி, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாமா? விடலாம். ஆனால் வெளியே போனதும் சிக்கல் ஆரம்பிக்கும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அம்மா காதில் மூன்று முறை சொல்லி வைத்த பெயர், அங்கே தெரியாத பெயர் ஆகிவிடுகிறது! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது. வேலை தேடிப் போகும் நம்ம பிள்ளைகளுக்கு இது நேரடி அடி.

இத்தனைக்கும் சர்வதேச விதி இவ்வளவு முரட்டுத்தனமானது அல்ல. பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் அந்த இயந்திர எழுத்து வரிகளுக்கான விதியை வகுத்தது ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு. பிரிக்க முடியாத ஒற்றைப் பெயரை அப்படியே ஒரே பெயராகப் போட அந்த விதி இடம் கொடுக்கிறது. ஏனென்றால் குடும்பப் பெயர் இல்லாத சமூகம் நாம் மட்டும் அல்ல. இந்தோனேசியாவின் சுகர்னோ ஒற்றைப் பெயர்க்காரர். மியான்மரின் ஊ தாண்ட் என்பதில் 'ஊ' வெறும் மரியாதைச் சொல். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலானோருக்கு அப்பா பெயரோ அம்மா பெயரோதான்; குடும்பப் பெயர் இல்லை. குறை நம்ம பெயரில் இல்லை. ஒரு முறையை மட்டும் மனதில் வைத்து எழுதிய மென்பொருளில் இருக்கிறது.

ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது

1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அதன் பிறகு பல்லாயிரம் பேர் போனார்கள். ஒவ்வொருவரின் விவரமும் ஏட்டில் ஏறியது. அந்த ஏட்டுக்கும் பின்னால் வந்த ஆவணங்களுக்கும் ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடம் பில்லே, நாயுடு, மூட்லி, படையாச்சி என்ற சர்நேம்கள் நிறைந்திருக்கின்றன. மூட்லி என்பது முதலியார். தாய்த் தமிழகம் பட்டத்தை உதிர்த்துக்கொண்டிருந்த காலத்தில், கடல் கடந்த தமிழர்களிடம் அதே பட்டங்கள் சர்நேமாக உறைந்தன. அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. கட்டம் இருந்தது, கையில் கிடைத்த சொல் உள்ளே போனது.

இப்போது அதே கட்டம் நம்ம மொபைலில் இருக்கிறது. இந்த முறை குமாஸ்தா இல்லை, எழுதுவது நாமே.

என்ன எழுதலாம்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சாதிப் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள். 'வெளிநாட்டில் யாருக்குத் தெரியப்போகிறது, சர்நேம் மாதிரி ஸ்டைலாக இருக்கிறது' என்று இப்போது சிலர் ஆரம்பித்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரருக்குத் தெரியாது, பக்கத்து இருக்கையில் உட்காரும் இந்தியருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், எஸ்போசித்தோ மாதிரி, உங்கள் பிள்ளை கேட்காத ஒரு சேதியை அதன் நெற்றியில் எழுதுகிறீர்கள்.

இரண்டாவது, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அப்பா பெயரோ அம்மா பெயரோ போதும். இரண்டுமே நம்ம முறைக்குள் இருப்பவை. பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரிலேயே விதி தளர்ந்துவிட்டது. குடும்பப் பெயரின் தாய்வீடான இத்தாலியிலேயே, பிள்ளைக்குத் தானாகவே அப்பாவின் சர்நேம் வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மா பெயரை எழுத நாம் ஏன் தயங்க வேண்டும்? ஊர்ப் பெயர் பிடித்தால் அதுவும் நல்லதே. குமாரமங்கலம் சர்நேம் ஆகலாம் என்றால் கொளத்தூரும் மேச்சேரியும் ஆகக் கூடாதா? ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி, ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

மூன்றாவது, பிள்ளை விஷயம். உங்கள் சர்நேமாக அப்பா பெயரைப் போட்டிருந்தால், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அதே சர்நேமைக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தால் உங்கள் அப்பா பெயர் இனி குடும்பப் பெயர். தி ஜோவன்னி மாதிரி உறைந்துவிட்டது. கொடுக்காமல் உங்கள் பெயரைக் கொடுத்தால் நம்ம முறை தொடரும். ஆனால் ஏர்போர்ட்டில் 'நீங்கள் இந்தக் குழந்தைக்கு அப்பாதானா?' என்று கேட்டால் பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டில் எதுவும் தப்பில்லை. ஆனால் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். படிவத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய ராத்திரி எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

'உலகமே சர்நேமோடு இருக்கும்போது நாம் மட்டும் ஏன் அடம் பிடிக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்று வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே' என்று கேட்பவர்கள் உண்டு. வசதி என்ற அளவில் அது நியாயமான கேள்வி. ஆனால் ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தங்கள் பெயரை மாற்றுவது எளிதா, ஒரு படிவத்தில் 'எனக்கு ஒரே பெயர்' என்று ஒரு டிக் வைக்கும் வசதியைச் சேர்ப்பது எளிதா? பெயரையும் கையெழுத்தையும் தமிழில் எழுதும்போது இனிஷியலும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணை போட்டது. நல்லது. இனிஷியல் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று யோசித்த அரசு, அது இல்லாத கட்டங்களைப் பற்றியும் மத்திய அரசிடம் பேச வேண்டும். குறைந்தது நம்ம நாட்டுப் படிவங்களாவது நம்ம பெயரை ஏற்க வேண்டும். பான் படிவம் கடைசிப் பெயர் கேட்பதற்கு ஐ.சி.ஏ.ஓ. காரணம் இல்லை, அதை மாற்ற வெளிநாட்டு அனுமதியும் தேவையில்லை.

அதுவரைக்கும், அடுத்த முறை அந்தக் கட்டம் வரும்போது தட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அப்பாவின் அப்பா பெயர் என்ன, அவர் எந்த ஊர், அம்மா வழியில் யார் பெயரை யாருக்கு வைத்தார்கள் என்று கேளுங்கள். நம்மில் பலருக்குக் கொள்ளுத்தாத்தா பெயரே தெரியாது. எந்தப் பெயர் உறைய வேண்டும், எது கரைய வேண்டும் என்று முடிவெடுக்க, முதலில் அந்தப் பெயர்கள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.